உடற்பருமன் ஒழுக்கக்கேடோ?

பருத்த உடலினரைக் காணுங்கால், 'வாயைக் கட்டமாட்டாதவர்' என்று எள்ளி நகைப்பது உலக வழக்கு. உடல் பெருகுவது மனத்தளர்ச்சியின் பயனே என்பது பலர் துணிபு. இத்துணிபு பிழையென்றே நாம் கருதுகின்றோம்.

உணவைக் குறைத்தால் உடல் மெலியும் என்பது மெய்யே. ஆயினும் உடல் அதற்கு எளிதில் இணங்குவதில்லை. 1944-45-இல் அமெரிக்காவிலுள்ள மின்னசோட்டாப் பல்கலைக் கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பார், நல்ல உடல்நலமுடைய 36 இளைஞரை 24 வாரம் அரைவயிற்று உணவில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் எடையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு குறைந்தது. உடலோ, உணவை எரித்துத் தன்னை நடத்தும் வளர்சிதை மாற்றத்தின் வேகத்தை மிகவும் தணித்துக்கொண்டது. பசி இரவும் பகலும் அவர்களை வாட்டியது.

1966-ஆம் ஆண்டில் அயோவாப் பல்கலைக் கழகத்து எட்வர்டு மேசன், சிக்காஷி இட்டோ என்னும் வைத்தியர் இருவர், இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கும் ரணசிகிச்சையைத் தொடங்கினர். பை சிறுத்தால் உணவு குறையும் என்பதே அதன் கருத்து. பயனோ அவ்வளவில் நிற்கவில்லை. வட கரோலினாவில் வால்ட்டர் போரீஸும் அவர் துணைவரும் 1995-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, இச்சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளர் 146 பேருள் 121 பேர்க்கு இரத்தச் சர்க்கரை இயல்புநிலை எய்தியது. உடல் பெரிதும் மெலியுமுன்னரே, சில நாட்களில், பலர்க்கு இம்மாறுதல் தோன்றுவதும் கண்டறியப்பட்டது.

காரணம் யாது? குடல் வெறுங் குழாயன்று. மூளைக்குத் தூது விடுக்கும் உறுப்பாகும். சிகிச்சைக்குப்பின் உணவு கீழ்க்குடலை விரைந்தடைவதால், ஜி.எல்.பி.-1, பி.ஒய்.ஒய். முதலிய ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரந்து, 'போதும்' என்னும் உணர்ச்சியை எழுப்புகின்றன. முன்னது இன்சுலின் சுரப்பையும் தூண்டுகின்றது. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கும் வேறொரு சிகிச்சையிலோ, பசியைக் கிளப்பும் கிரெலின் குறைகின்றது. உடல் மெலிய மெலிய எரிபொருட்செலவு இவர்கட்கும் சுருங்கத்தான் செய்யும். ஆயினும், பட்டினி கிடந்தார்க்குப் போலப் பசி மூண்டெழுவதில்லை. நேற்றுவரை பசியோடு போராடித் தோற்றவர், இன்று சிறிதளவில் நிறைவெய்துகின்றார். ஒரே மனிதர், அவர் மனவுறுதி ஓரிரவில் வளர்ந்துவிடவில்லை. மாறியது குடல் விடுக்கும் தூதே அன்றோ?

அங்ஙனமாயின் முயற்சி வேண்டாவோ எனின், வேண்டும். சிகிச்சைக்குப்பின் இரும்பு, சுண்ணாம்புச்சத்து, பி-12 வைட்டமின் ஆகியவை உடலிற் சேர்வது குறைதலின், அவற்றை வாழ்நாள் முழுதும் மருந்தாக உட்கொள்ளல் வேண்டும். ஆண்டுகள் செல்ல, எடை ஓரளவு மீளுவோரும் உளர். ஆதலின் இச்சிகிச்சை சோம்பலின் குறுக்குவழியன்று. நெடுங்காலக் காவலின் தொடக்கமே.

நோயுற்றவனை நோக்கி, 'நீ ஏன் காய்ச்சலை அடக்கவில்லை?' என்று வினவுவாரில்லை. பருத்த உடலினரை மட்டும் அங்ஙனம் வினவுதல் அறிவுமன்று, அன்புமன்று. வைத்தியத் தொழிலை நாடும் நம் மாணவர் இதனை மனத்திற் கொள்க. ஏனையோரும், பிறர்க்கு ஊணடக்கம் போதிக்கப் புகுமுன் நாவடக்கம் பயில்வோமாக.