நித்திரையும் படிப்பும்

விடுதியில் நாம் பயின்ற நாளில், விளக்கணைத்த பின் போர்வைக்குள் ரோச் லைற் பிடித்துப் படித்தவனையே மெய்யான மாணாக்கன் என மதித்தோம். அம்மதிப்புப் பிழையென இன்று கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

பகலிற் கற்றவை நித்திரையின்போதே மூளையில் நிலைபெறுகின்றன. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர் 1924ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்தனர். பொருளற்ற அசைகளை மனனஞ் செய்தோர், விழித்திருந்த வேளையிலும் உறங்கியெழுந்தபோதே அவற்றை மிகுதியாக நினைவுகூர்ந்தனர். (சோதனைக்குட்பட்டோர் இரு மாணவரே, எனினும் பிற்கால ஆய்வுகளும் அவ்வழியே சென்றன.)

குமரப் பருவத்தில் உடலின் உறக்க வேளை தானே பின்தள்ளிப் போகின்றது. முன்னிரவில் உறங்காத பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்றும், விடியலில் எழாதவனைச் சோம்பேறி என்றும் வைதல் அநீதி. அவ்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேர நித்திரை வேண்டும். நம் பிள்ளைகளோ இராவகுப்பு முடிந்து வந்து, நள்ளிரவை அண்டிப் படுத்து, பொழுது புலருமுன் அடுத்த வகுப்புக்குச் சைக்கிள் ஏறுகின்றனர், 7.30க்குப் பாடசாலை.

கலிபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் காலை 8.30க்கு முன் தொடங்கலாகாது என்பது சட்டம். நம் வெயிலுக்கு அது ஒவ்வாது. அதனை நாம் கேட்கவில்லை. விடியற்காலை வகுப்புகளை நிறுத்துமாறே கேட்கின்றோம். பழைய மாணவர் நடத்தும் இலவச வகுப்புகள் முதலில் இரவு 8 மணிக்குள் முடியட்டும். உயர்தர வகுப்பினருக்கும் இதில் விலக்கு வேண்டா.