தூக்கத்தைப் பறித்துவிட்டு ஆசனம் கற்பிக்கிறார்கள்

ஆண்டுதோறும் ஜூன் 21ஆம் நாள் நெருங்கினால் மும்பை மருத்துவமனைகளின் வாசலில் யோகாசனச் சுவரொட்டிகள் தோன்றிவிடுகின்றன. ஐக்கிய நாடுகள் சபை 2014 டிசம்பரில் தீர்மானம் போட்டு, 2015 முதல் நடந்துவரும் விழா அது. நமக்கு அதிலே ஆட்சேபம் ஒன்றுமில்லை. ஆனால் தனியார் மருத்துவமனை நிர்வாகத்தார் சிலர் இப்போது ஒரு படி மேலே போய், நர்சுகளுக்குத் தூக்கம் கெட்டிருப்பதாகவும், வாரந்தோறும் யோகா வகுப்புக்கு வந்தால் சரியாகிவிடும் என்றும் சுற்றறிக்கை விடுகிறார்கள். வகுப்பு எப்போது? பன்னிரண்டு மணி நேர இரவுப் பணி முடிந்து, காலை எட்டு மணிக்கு மேல்! வராதவர் பெயர் மேட்ரன் நோட்டில் ஏறுகிறது. நம் சங்கத்துக்கு வந்து முறையிட்ட சகோதரிகள் சொன்ன சேதி இது.

யோகத்தைப் பழிக்க நாம் வரவில்லை. திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் விரித்துச் சொன்ன கலை அது. இதே மும்பையில், யோகேந்திரர் 1918இல் தொடங்கிய யோகா நிலையம் சாந்தாகுரூசில் இன்றும் நடக்கிறது. பலனும் இல்லாமலில்லை. சீனாவில் 120 நர்சுகளைக் கொண்டு நடத்தி 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆறு மாதம் யோகா செய்தவர்களின் உறக்கம் மேம்பட்டதாகவும் வேலை அழுத்தம் குறைந்ததாகவும் கண்டார்கள். நிர்வாகத்தார் இதைத் தூக்கிக் காட்டுவார்கள். காட்டட்டும். அந்த ஆய்வில் வாரம் இரண்டு முறைக்கு மேல், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயிற்சி. அந்த ஒரு மணி நேரம் யாருடைய நேரம்? நிர்வாகத்தின் நேரமா, நர்சு தூங்க வேண்டிய நேரமா?

மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2021 செப்டம்பரில் 'ஒய்-பிரேக்' என்று ஐந்து நிமிடப் பயிற்சிச் செயலி ஒன்றை வெளியிட்டது. வேலை நேரத்துக்குள்ளேயே செய்வது. நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு அது பொருந்தும். கோப்பு ஐந்து நிமிடம் காத்திருக்கும். நள்ளிரவில் ஒரு வார்டையே தனியாகப் பார்க்கும் பெண்ணுக்கு எந்த ஐந்து நிமிடம்? தீரப்போகும் சலைன் பாட்டில் காத்திருக்குமா?

தூக்கம் ஏன் கெடுகிறது என்று பார்ப்போம். மனித உடல் வெளிச்சத்தை வைத்து நேரம் பார்க்கிறது. இரவு முழுதும் விழித்து, காலை வெயில் முகத்திலடிக்க லோக்கல் ரயிலில் இடிபட்டு வீடு வரும்போது, உடல் 'விடிந்துவிட்டது, எழு' என்கிறது. வீடோ தாராவியில் ஒற்றைக் கோலி. குழாயில் தண்ணீர் வரும் நேரம், பிள்ளை பள்ளிக்குப் புறப்படும் நேரம், அடுத்த வீட்டுக் குக்கர் சத்தம். இதிலே அவள் எங்கே கண்ணயர்வது? இரவுப் பணி புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இலேயே வகைப்படுத்தி, 2019இல் மீண்டும் பரிசீலித்து அதையே உறுதி செய்தது. இதற்கு மருந்து சவாசனமா?

போதனா மருத்துவமனைப் பொது வார்டில் 3 படுக்கைக்கு ஒரு நர்சு, பிற மருத்துவமனைகளில் 5 படுக்கைக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு. காகிதத்தில் இருக்கிறது. இரு பணிகளுக்கிடையே குறைந்தது 12 மணி நேரம் தொடர் ஓய்வு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977இல் பரிந்துரைத்தது. அதே ஆண்டு நர்சுகளுக்கென்றே நிறைவேறிய 149ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. 2016இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி அமைந்த குழு, தனியார் மருத்துவமனை நர்சுக்குக் குறைந்தது 20,000 ரூபாய் சம்பளம் என்றது. அதையும் கொடுக்காமல், ஓவர்டைமுக்கு ஓடவைத்துவிட்டு, 'மூச்சை மெல்ல விடு' என்றால் எப்படி?

இரயில்வேயில் நமக்குப் பழக்கமான வழக்குதான் இது. 2024 ஜூனில் தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் போராடியபோது, தொடர்ச்சியாக இரண்டு இரவுக்கு மேல் பணி கூடாது என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. எஞ்சினில் கண் அசந்தால் ஆபத்து என்பது எல்லோருக்கும் விளங்குகிறது. ஊசி போடும் கை அசந்தால் மட்டும் ஏன் விளங்கவில்லை? ஒருவேளை நர்சு என்றால் அன்னை, தியாகி, தெய்வம் என்று பட்டம் கொடுத்துவிட்டதால் இருக்கலாம். தெய்வத்துக்குத் தூக்கம் வேண்டாமல்லவா!

நாம் கேட்பது பெரிதில்லை. யோகா வகுப்பு நடக்கட்டும், ஆனால் சம்பளம் பெறும் பணி நேரத்தில், மாற்று ஆள் போட்டு, விரும்பியவருக்கு மட்டும். தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் போடக் கூடாது. காலை, மாலை, இரவு என்ற வரிசையில் பணி மாறட்டும், தலைகீழாக வேண்டாம். இரவில் முறைவைத்துச் சிறிது நேரம் படுக்க, கதவடைத்த அறையும் கட்டிலும் வேண்டும். ஜப்பானிய மருத்துவமனைகளில் அப்படியொரு வழக்கம் இருக்கிறது. இங்கே முடியாதென்பது சாக்கு.

நர்சுச் சகோதரிகள் கடந்த மூன்று மாத டூட்டிப் பட்டியலின் நகலை ஞாயிறு மாலை சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வரவேண்டும். பெயரை மறைத்துக் கொடுத்தாலும் போதும். தொழிலாளர் ஆணையரிடம் கொடுக்கும் மனுவுடன் அதை இணைக்கவிருக்கிறோம்.