முதல் வார்த்தை நம்முடையதாகட்டும்

பூஜை விடுமுறை கழிந்து கொல்கத்தா திரும்பியதும் நம்மவர் செய்யும் முதற்காரியம், ஓர் அறையில் கூடி முறுக்கு டின்னைத் திறப்பது. அதைக் குறைசொல்ல நான் யார்? எனக்கும் அதில் பங்குண்டு. ஆனால் மறுநாள் பௌதிக ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேஜை வங்காளி நண்பரைக் கண்டு தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்கிறோமே, அது சரியல்ல என்பது என் கருத்து.

இவ்வூரார் இதற்கொரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். விஜயதசமிக்குப் பின் முதன்முறையாகச் சந்திப்பவரிடம் "சுபோ பிஜயா" என்பார்கள். பெரியவர் காலைத் தொடுவார்கள், ஒத்த வயதினரைத் தழுவுவார்கள், தேங்காய் உருண்டை நீட்டுவார்கள். காளி பூஜை வரையில், அதாவது நம் தீபாவளி வரையில், இதற்குத் தவணை உண்டு. அச்சொல்லை நாமே முந்திக்கொண்டு சொன்னால் என்ன?

அடுத்த கேள்வியில்தான் கவனம் வேண்டும். "லீவு நன்றாகக் கழிந்ததா?" என்றால் "ஆம்" என்பதோடு பேச்சு படுத்துவிடும். "எந்தெந்தப் பந்தல் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். 2021-இல் யுனெஸ்கோவே தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த விழாவாயிற்றே, அரைமணி நேரம் ஓடும்!

"ஊருக்குப் போகவில்லையா?" என்று மட்டும் எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். டிக்கெட்டுக்குப் பணமின்றியோ, வீட்டு மனஸ்தாபத்தாலோ விடுதியிலேயே தங்கியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களிடம் "டீ குடிக்கப் போகலாம், வாருங்கள்" என்றால் போதும். ஊர்ப்பேச்சை அவர்களே எடுத்தால் எடுக்கட்டும்.