கைப்பேசியும் கண்ணும் நித்திரையும்

கைப்பேசியைக் காதோடு சேர்த்து வைத்துப் பேசினால் மூளையில் கட்டி உண்டாகும் என்ற பீதி, சிராங்கூன் சாலைக் கடைவாசல்களிலும் வீவக புளோக்குகளின் கீழ்த்தளங்களிலும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓயாமல் பேசப்பட்டு வருகிறது. ஊரிலிருந்து சித்தப்பா ஒருவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, அக்காளுக்கும் அத்தைக்கும் அண்டை வீட்டாருக்கும் கைமாறி, பொழுது விடிவதற்குள் ஒரு குடும்பத்தின் அத்தனை கைப்பேசிகளிலும் குடியேறிவிடுகிறது. கதிர்வீச்சைத் தடுக்குமென்று சொல்லி விற்கப்படும் ஒட்டுவில்லைகளை நம்பி வாங்குவோரும் இருக்கிறார்கள். ஜனங்கள் தங்கள் தேகாரோக்கியத்தைப் பற்றிக் கவலைப்படுவது நல்லதே. அந்தக் கவலையை நாம் இகழ மாட்டோம். ஆனால் அந்தச் செய்தியை நம்மவரில் பலர் படிப்பது நள்ளிரவில், விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கையில் ஒருக்களித்துக் கிடந்தபடி என்பதையும், அந்த நள்ளிரவு விழிப்பைப் பற்றி அதே குடும்பத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை எச்சரிப்பதில்லை என்பதையும் எண்ணும்போது, நம் அச்சம் போய்ச் சேர வேண்டிய இடத்தை விட்டு வேறெங்கோ போய் நிற்கிறது என்றே சொல்லத் தோன்றுகிறது.

முதலில் கதிர்வீச்சு விஷயத்தைத் தீர்த்துக்கொள்வோம். கைப்பேசி வெளிவிடுவது, வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் பயன்படும் அதே இனத்து மின்காந்த அலை. எக்ஸ்ரே கதிரைப் போல உயிரணுவுக்குள் புகுந்து மரபுப் பொருளை உடைக்கும் சக்தி அதற்குக் கிடையாது; அது செய்யக்கூடியதென்று ஐயமறத் தெரிந்திருப்பது, அருகிலுள்ள திசுவை மிகச் சிறிதளவு சூடேற்றுவது ஒன்றே. அந்தச் சூடு தீங்கு செய்யும் அளவை எட்டாதிருக்க, தலைக்கருகே பத்து கிராம் திசுவில் கிலோவுக்கு 2 வாட் என்று சர்வதேச நிபுணர் குழு வகுத்த வரம்பைச் சிங்கப்பூரும் ஏற்றிருக்கிறது. இந்தியா அதனினும் கடுமையாக, ஒரு கிராம் திசுவில் கிலோவுக்கு 1.6 வாட் என்ற வரம்பை 2012 செப்டம்பர் முதல் விதித்திருக்கிறது. கைப்பேசிச் சேவைக்கான அலைபரப்புக் கோபுரம் அருகில் இருந்தால் கைப்பேசி தாழ்ந்த சக்தியில் வேலை செய்யும். தொலைவில் இருந்தால்தான் அதிக சக்தியைச் செலவிடும். ஆகவே, தங்கள் குடியிருப்புக்கு அருகே கோபுரமே கூடாதென்று போராடுபவர்கள், காதருகே இருக்கும் கருவியைக் கூடுதல் சக்தியோடு இயங்கச் செய்கிறார்கள் என்பதை அவர்களுக்கு யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மாற்றுத் தரப்பார் காட்டும் சான்றுகளை ஒதுக்கித் தள்ள நமக்கு விருப்பமில்லை. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2011 மே மாதம் இவ்வலைகளைப் ‘புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்’ என்ற வகுப்பில் சேர்த்தது மெய்தான். சந்தேகத்தை அறவே நீக்க முடியாத பண்டங்களுக்கென ஏற்பட்ட வகுப்பு அது. ஆசியப் பாரம்பரிய முறையில் உப்பிலிட்ட காய்கறிகளும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அமெரிக்க அரசாங்கத்தின் நச்சியல் ஆய்வு 2018-இல் ஆண் எலிகளின் இருதயத்தில் கட்டிகளைக் கண்டதும் உண்மையே. ஆயினும் அந்த எலிகள் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரமாக, இரண்டு ஆண்டுகள், உடல் முழுவதும் இவ்வலைகளுக்கு ஆட்படுத்தப்பட்டவை. குவாலியரில் ஒரு புற்றுநோயாளியின் முறையீட்டை ஏற்று, 2017-இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு கோபுரத்தை நிறுத்தும்படி உத்தரவிட்டது; ஒரு மனிதரின் துயரத்துக்குச் செவிசாய்த்த அந்த ஆணையை விஞ்ஞானத்தின் தீர்ப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது. இவற்றுக்கெல்லாம் பின்னர், உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில், 1994 முதல் 2022 வரை வெளிவந்த 63 ஆய்வுகளை ஒருசேரப் பரிசீலித்த நிபுணர்கள், பத்தாண்டுகளுக்கு மேல் கைப்பேசி பயன்படுத்தியவர்களிடத்திலும் அதற்கும் மூளைப் புற்றுநோய்க்கும் சம்பந்தம் காணவில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள். ஆராய்ச்சி தொடரட்டும். செவிக்கருவி மாட்டிப் பேச விரும்புவோர் அப்படியே பேசட்டும். ஆனால் ஒரு தாய் தகப்பனின் கவலையில் இந்த விஷயத்துக்கு முதலிடம் கொடுப்பது, இன்றுள்ள சான்றுகளின்படி நியாயமாகாது என்பது நம் அபிப்பிராயம்.

முதலிடம் எதற்கு உரியது? தேக்கா பகுதிச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் அண்மையில் கண்டதைச் சொல்லுகிறோம். குழந்தைக்கு வயது ஒன்று, ஒன்றரை இருக்கலாம். தண்ணீர்த் தம்ளரில் சாய்த்து வைத்த கைப்பேசியில் நிறநிறமான விலங்குகள் ஆடிக்கொண்டிருந்தன. தாயார் இட்லியைச் சாம்பாரில் பிசைந்து ஊட்ட, குழந்தையின் வாய் திறந்து திறந்து மூடியது; கண் மட்டும் திரையை விட்டு அசையவில்லை. நடுவே ஒரு விளம்பரம் வந்து ஆட்டம் நின்றபோது வாயும் மூடிக்கொண்டது. ஆட்டம் திரும்பியதும் வாயும் திறந்தது. அந்தத் தாயாரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. நிலாவைக் காட்டிச் சோறூட்டப் பாட்டி பக்கத்தில் இல்லை. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே கிடைத்த அரை மணியில் குழந்தையின் வயிறு நிறைந்தாக வேண்டும். என்றாலும், தான் உண்பது இன்னதென்று பாராமலும், ஊட்டுகிற முகத்தை ஒருமுறையேனும் ஏறிட்டு நோக்காமலும் அந்தக் குழந்தை உண்டு முடித்தது என்பதை எப்படி மறப்பது?

அந்தக் கடையிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை இருக்கிறது. அங்கும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 2009 முதல் கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் பெற்ற பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்துவரும் ‘கஸ்டோ’ ஆய்வில் நம் இந்தியக் குடும்பங்களும் இடம்பெற்றிருக்கின்றன. அதன் ஒரு பகுதியாக, 437 பிள்ளைகளைப் பற்றிய முடிவுகள் 2023 ஜனவரியில் வெளியாயின. ஒரு வயதில் கூடுதல் நேரம் திரை பார்த்த குழந்தைகளின் மூளை மின்னலைகள் ஒன்றரை வயதில் மாறுபட்டிருந்தன. அவர்களே ஒன்பது வயதை எட்டியபோது, கவனத்தை ஒருமுகப்படுத்துவதிலும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதிலும் பின்தங்கியிருந்தார்கள். திரையே முழுக் காரணம் என்று ஆய்வாளர்கள் அறுதியிட்டுவிடவில்லை. வீட்டுச் சூழ்நிலைக்கும் பங்கிருக்கக்கூடும். ஆனால் கதிர்வீச்சுக்காக நாம் மேற்கொள்ளும் முன்ஜாக்கிரதையில் பாதியளவேனும் கோருவதற்கு இந்தச் சான்று போதும். ஒன்றரை வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், அதிலிருந்து ஆறு வயது வரை பள்ளிக்கு வெளியே நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக, ஏழு முதல் பன்னிரண்டு வரை பள்ளிப்பாடம் நீங்கலாக இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக என்று, 2025 ஜனவரியில் சுகாதார அமைச்சு வழிகாட்டியிருக்கிறது. தஞ்சாவூரில் இருக்கும் பாட்டியோடு காணொளியில் பேசுவதற்கு அதில் தடையில்லை. முகம் பார்த்துப் பதில் பேசும் பாட்டி வேறு, தானே ஓடும் படம் வேறு என்பதை அந்த வழிகாட்டி சரியாகவே உணர்ந்திருக்கிறது.

கண்ணின் கதை இதனோடு ஒட்டியது. இந்நாட்டுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 65 பேர் தொடக்கநிலை ஆறை எட்டும்போது கிட்டப்பார்வை உடையவர்களாகிவிடுகிறார்கள். இளவயதினரில் நூற்றுக்கு 83 பேர் அப்படி இருக்கிறார்கள். பரம்பரைக் குணம் என்று சொல்லிவிட்டு நாம் ஆறுதல் கொள்ள முடியாது. சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் ஆறு, ஏழு வயதுச் சீனப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2008-இல் வெளியான ஆய்வில், சிட்னியில் நூற்றுக்கு மூவருக்கும், இங்கே நூற்றுக்கு இருபத்தொன்பது பேருக்கும் கிட்டப்பார்வை இருந்தது. இனம் ஒன்று, வயது ஒன்று. சிட்னிப் பிள்ளை வாரத்துக்குப் பதினான்கு மணி நேரத்தை நெருங்க வெளியில் திரிந்தது, நம் பிள்ளையோ மூன்று மணி நேரம். பகல் வெளிச்சம் கண்ணில் பட்டால் விழித்திரையில் சுரக்கும் ஒரு பொருள், கண்ணுருண்டை நீண்டு வளர்வதைத் தடுக்கிறது என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள். திறன்பேசி பரவுவதற்கு முந்திய காலத்துப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு அது என்பதைக் கவனிக்க வேண்டும்: அன்றைக்கே புத்தகமும் டியூஷனும் பறித்துக்கொண்ட வெயிலில் எஞ்சியிருந்ததை இன்றைக்குக் கைப்பேசி பறித்துக்கொள்கிறது. மூக்குக்கண்ணாடி மாட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்போர், கிட்டப்பார்வை முற்றினால் பிற்காலத்தில் விழித்திரை கழன்றுபோவதற்கும் கண்ணழுத்த நோய்க்கும் அது வழிவகுக்கும் என்பதைக் கண் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஆகவே, உயர்நிலைப் பள்ளி மாணவர் பள்ளி நேரம் முழுவதும், இடைவேளையிலும் இணைப்பாட நடவடிக்கைகளிலும் கூட, திறன்பேசியைத் தொடலாகாது என்று கல்வி அமைச்சு 2026 ஜனவரி முதல் கொண்டுவந்திருக்கும் விதியை நாம் மனமார வரவேற்கிறோம். அவசரமென்றால் பிள்ளையோடு எப்படிப் பேசுவது என்று சில பெற்றோர் வருந்துகிறார்கள். பள்ளி அலுவலகத்தில் தொலைபேசி இருக்கிறது. ஒரு தலைமுறை முழுவதும் அந்த ஒரு தொலைபேசியை நம்பித்தான் படித்து வெளியேறியது. பள்ளி தரும் கற்றல் சாதனங்கள் முன்பு இரவு 11 மணிக்கு ஓய்ந்தவை இப்போது 10.30-க்கே ஓய்ந்துவிடும்படி அமைக்கப்பட்டிருப்பதும் நல்ல காரியம். ஆனால் அந்தச் சாதனம் ஓய்ந்த அறையில் பிள்ளையின் சொந்தக் கைப்பேசி ஓயாமல் ஒளிர்ந்துகொண்டிருந்தால் அமைச்சால் என்ன செய்ய முடியும்? இரவில் வீட்டிலுள்ள எல்லாருடைய கைப்பேசிகளும், தகப்பனாருடையதும் உட்பட, கூடத்தில் ஓரிடத்தில் மின்னேற்றத்துக்கு வைக்கப்பட வேண்டும் என்பதை நம் வீடுகளின் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டுகிறோம்.

சாலையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வாகனம் ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுப்பவருக்கு 1,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. திரையிலிருந்து தலை நிமிராமலே சாலையைக் கடக்கிறவர்களை ஞாயிறு மாலைகளில் பஃபலோ சாலை முனையில் நின்றால் எண்ணி மாளாது.

நாம் இன்னும் அதிகமாகக் கவலை கொள்வது வேறொரு கூட்டத்தாரைப் பற்றி. கட்டடத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் நம் ஊர்ச் சகோதரர்களுக்குக் கைப்பேசி பொழுதுபோக்குச் சாதனம் மட்டுமன்று. மனைவியின் குரல், பிள்ளையின் மழலை, வயோதிகத் தாயின் உடல்நிலை யாவும் அதன் வழியேதான் அவர்களுக்கு வந்து சேருகின்றன. அதைக் குறைத்துக்கொள் என்று அவர்களிடம் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. ஆனால் நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது. இந்தியாவின் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. மன்னார்குடியிலோ அறந்தாங்கியிலோ சமையற்கட்டு ஓய்ந்து, பாத்திரம் கழுவி, இரவு ஒன்பது மணிக்கு ஒரு மனைவி கைப்பேசியை எடுக்கும்போது இங்கே 11.30 ஆகிவிடுகிறது. தங்கும் விடுதியின் இரும்புக் கட்டிலில், மற்றவர் தூக்கம் கெடக்கூடாதென்று போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, தணிந்த குரலில் பேசத் தொடங்குகிறார் கணவர். பேச்சு முடிய நள்ளிரவாகும். முடிந்த பின்னும் மனம் அடங்காமல் நாலு காணொளி பார்த்தால் மணி ஒன்று. ஐந்து மணிக்கு வேலைத்தளத்துக்கு ஏற்றிச் செல்லும் லாரி. வெளிச்சத்தால் தூக்கம் கெடுகிறதா, கிளர்ந்த மனத்தால் கெடுகிறதா என்று நிபுணர்கள் வாதிட்டுக்கொள்ளட்டும். நான்கு மணி நேர நித்திரையோடு சாரத்தில் ஏறுகிறவருடைய கால் தடுமாறுவதற்கு இரண்டில் எது காரணமானாலும் ஒன்றே.

இதில் பழியை ஊழியர் மீது மட்டும் சுமத்துவது அநியாயம். அவர்கள் ‘ஓடி’ என்று சொல்லும் மிகைநேர வேலைக்குச் சட்டம் மாதத்துக்கு 72 மணி நேரம் வரை இடமளிக்கிறது. கடன் வாங்கி வந்தவர் அதை மறுக்கவும் துணிவதில்லை. இரவு ஒன்பது வரை வேலை, பிறகு லாரிக்குக் காத்திருத்தல், குளியலுக்கு வரிசை, சாப்பாடு என்று போனால் பதினொன்றுக்கு முன் அவர் எப்படி வீட்டாரோடு பேச முடியும்? முதலாளிகள் வார நாள்களில் மிகைநேர வேலையை மாலை ஏழரையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கூடுதல் வேலை தவிர்க்க முடியாததாயின் மறுநாள் காலை லாரியைத் தாமதப்படுத்த வேண்டும். விடுதி நடத்துவோர், படுக்கையறைக்கு வெளியே அமர்ந்து பேசச் சிறு இடம் ஒன்றை ஒவ்வொரு மாடியிலும் ஒதுக்க வேண்டும். மனிதவள அமைச்சு இவற்றையெல்லாம் வேண்டுகோளாக விடாமல் நிபந்தனையாக்க வேண்டும் என்று கோருகிறோம்.

ஊரிலுள்ள குடும்பத்தாரிடமும் நமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அங்கே மாலை 6.30-க்கு, வாசல் தெளித்து விளக்கு வைக்கும் வேளையில், இங்கே மணி ஒன்பது. பள்ளியிலிருந்து வந்த பிள்ளை வீட்டுப்பாடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம் அது. அடுப்பு பற்ற இன்னும் கொஞ்சம் பொழுது இருக்கிறது. மிகைநேர வேலை நீளாத நாள்களிலேனும் அந்த வேளையிலே அழைத்து, அரை மணியோ முக்கால் மணியோ ஆசை தீரப் பேசிவிட்டு, பத்து மணிக்கு அவரைப் படுக்க விட்டால், ஐந்து மணிக்கு லாரி வருமுன் ஏழு மணி நேரம் அவருக்குக் கிடைக்கும்.