வீட்டில் பழுதுபார்த்த எஞ்சினும் வால்வு இடைவெளியும்

குழித்துறைத் தாமிரபரணியை அடுத்த தாழ்ந்த ஏலாக்களில் ஏத்தன் வாழை பயிரிடும் குடியானவர்களுக்கு டீசல் எஞ்சின் இருவகையில் பயன்படுவதாகும். கோடையில் நீர் இறைப்பதும், இரு பருவமழைகளிலும் தேங்கும் நீரை வடிப்பதும் அதன் வேலை. நீர் தேங்கி நின்றால் வாழையின் வேர் அழுகும். ஆதலின், எஞ்சினின் சிறு பழுதைத் தாமே நீக்க முயல்வது போற்றத்தக்கதே. ஆயினும், ஹெட்டைக் கழற்றி, வால்வை அரைத்து, புதுக் கேஸ்கெட் இட்டுப் பூட்டிய பின் எஞ்சின் கிளம்பாவிடில், உடனே டீசல் பம்பையும் பிரித்துவிடுவது நஷ்டத்தையே தரும். முதற்கண் சோதிக்க வேண்டுவது வால்வு இடைவெளியாகும்.

காரணம் யாதெனில், வால்வை அரைக்குந்தோறும் அது தன் இருக்கையில் சற்று ஆழ்ந்து, தண்டின் முனை உயர, இடைவெளி குறைகின்றது. கேஸ்கெட்டின் கனம் மாறினும் அளவு மாறும். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டு 300 டிகிரி செல்சியஸ் சூடேறின் ஏறக்குறைய 0.36 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடமில்லையேல் வால்வு முற்றிலும் மூடாது. குளிர்ந்த நிலையில் ஓடிய எஞ்சின் சூடேறியதும் வலுவிழக்கும். நாளடைவில் புகை வால்வு கருகும். இடைவெளி மிகுந்தாலோ தட்டும் ஓசை எழும். வால்வும் போதிய அளவு திறவாது.

ஹெட் நட்டுகளை முறைப்படி இறுக்கிய பின்னரே இடைவெளியைச் சரிசெய்தல் வேண்டும். டீகம்ப்ரஷன் லீவர் விடுபட்டிருத்தல் அவசியம். பிளைவீலை ஓடும் திசையில் சுழற்றி, காற்று வால்வு திறந்து மூடிய பின் பிஸ்டன் மேல்முனைக்கு வருமிடத்தில் நிறுத்துக. இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலை அதுவே. அடுத்த சுற்றிலும் பிஸ்டன் மேல்முனைக்கு வரும். ஆனால் அப்போது வால்வுகள் சற்றுத் திறந்திருக்குமாதலால், அங்கு அளப்பது பிழையாகும். பூட்டு நட்டை இறுக்கிய பின் மறுபடியும் அளந்து பார்க்க. சில மணி நேரம் ஓடியதும் கேஸ்கெட் நசுங்கும். ஆதலின் ஹெட் நட்டுகளையும் இடைவெளியையும் மீண்டும் சோதிப்பது நலம். இவ்வளவும் சரியாயிருந்தும் அழுத்தம் நில்லாதாயின், வால்வு இருக்கையையோ கேஸ்கெட்டையோ மெக்கானிக்கிடம் காட்டுக.

அஞ்சலட்டையும் சவரப் பிளேடும் கொண்டு அளப்போர் உளர். அம்முறை நம்பத்தக்கதன்று. அண்டை வயல் எஞ்சினின் அளவும் தமதற்குப் பொருந்துமென்பதில்லை. அந்தந்த எஞ்சினின் கைப்புத்தகம் கூறும் அளவையும், குளிர்நிலையா சூடுநிலையா என்பதையுமே கொள்ள வேண்டும். ஸ்பானர் வாங்கும் குடியானவர் பீலர் கேஜும் வாங்குதல் முறையாகும். கிராம அதிகாரிகளும் கூட்டுறவுச் சங்கத்தாரும் ஊருக்கு ஒன்றேனும் வைத்து, பருவமழைக்கு முன்பே எஞ்சின்களைச் சோதிக்க ஏற்பாடு செய்வாராயின், மழைக்காலத்தில் வாழைக்கு நேரும் நஷ்டம் பெரிதும் குறையும்.