பெயர் கேட்டு வாங்குங்கள்

தில்லிக்கு வந்த முதல் வாரத்திலேயே அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். தட்டில் இருந்த ரோஸ்ட்டை ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டவர் முகத்தைச் சுளித்தார். "இது உருளைக்கிழங்கா, சர்க்கரைவள்ளியா?" வயது 78. வருடத்தில் குளிர்கால மூன்று மாதங்கள் மட்டும் எங்களோடு இருப்பவர். அவர் கேட்பதும் அதிகமில்லை: காலையில் டிகிரி காபி, மதியம் ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள, முறுகிய உருளைக்கிழங்கு.

குற்றம் சமையலில் இல்லை. வட இந்திய வயல்களில் பிப்ரவரி, மார்ச்சில் தோண்டிய கிழங்கு நவம்பர் வரை குளிர்பதனக் கிடங்கில் கிடக்கிறது. அங்கே வெப்பம் 2 முதல் 4 டிகிரி. அந்தக் குளிரில் கிழங்கு முளைக்காது. ஆனால் அதிலுள்ள மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். வாணலியில் போட்டால் சீக்கிரம் கறுக்கும். வாயில் போட்டால் தித்திக்கும். வாங்கிவந்து இரண்டு மூன்று வாரம் வெளியே இருட்டில் வைத்திருந்தால் தித்திப்பு ஓரளவு குறையும். அம்மாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. "பின்னாடி அத்தனை மண்ணு சும்மாதானே கிடக்கு?" என்றார்.

'அத்தனை மண்' என்பது 12 அடிக்கு 8 அடி. தரைத்தள வீட்டுக்காரனுக்குத் தில்லி தரும் அதிகபட்சச் சொத்து.

அம்மா ஊருக்குப் போனபின், ஹோலி முடிந்த கையோடு, சமையலறைக் கூடையில் முளைவிட்டுக் கிடந்த கிழங்குகளைப் புதைத்தேன். செடி தளதளவென்று வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். மே மாதம் தோண்டினால் கோலிகுண்டுகள். கீழே ஒன்றும் இல்லாமல் மேலே மட்டும் செழிப்பு. பத்திரிகைத் தொழிலில் இருப்பவனுக்கு இது புதிதல்ல என்றாலும் வலித்தது.

காரணம் எளிது. கபிலர் பாடிய பறம்பு மலையில் வள்ளிக்கிழங்கு உண்டு, உருளைக்கிழங்கு கிடையாது. இது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பயிர். பகல் எப்படி இருந்தாலும் இரவு குளிர வேண்டும். இரவு வெப்பம் 20 டிகிரியைத் தாண்டினால் செடி இலையை வளர்க்குமே தவிர, கிழங்கைக் கட்டாது. தில்லியில் நடவேண்டிய காலம் அக்டோபர் நடுப்பகுதி. கர்நாடகத்தின் ஹாசன் பக்கம் மழைக்காலத்தை நம்பி மே, ஜூனில் நடுகிறார்கள். அந்த மேட்டுநிலத்தின் இரவுகள் அதற்கு இடம் தருகின்றன. சென்னைபோன்ற கடலோர ஊர்களில் மார்கழி இரவுகூட 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். அங்கே தொட்டியில் போட்டு அழகு பார்க்கலாம். குழம்புக்கு நம்பியிருக்க முடியாது.

அக்டோபரில் விதைக்கிழங்கு வாங்கப் போனபோதுதான் உருளைக்குப் பெயர் உண்டு என்பதே உறைத்தது. மாம்பழம் வாங்கும்போது மல்கோவாவா, பங்கனபள்ளியா என்று கேட்கிறோம். அரிசியிலும் கேட்கிறோம். உருளையில் 'பழசா, புதுசா' என்பதோடு சரி. விதைக் கடையிலோ ஒரு ரத்தினமாலையே இருந்தது: குஃப்ரி சந்திரமுகி, குஃப்ரி ஜோதி, குஃப்ரி சிந்தூரி, குஃப்ரி புக்ராஜ். குஃப்ரி என்பது சிம்லாவுக்கு அருகிலுள்ள மலை ஊர். 1949ல் பட்னாவில் தொடங்கி 1956ல் சிம்லாவுக்கு இடம் மாறிய மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் தன் ரகங்களுக்கெல்லாம் வைக்கும் குடும்பப் பெயர். சிந்தூரிக்குச் சிவப்புத் தோல். புக்ராஜ் என்றால் புஷ்பராகம், சதை மஞ்சள். 1980ல் வந்த குஃப்ரி பகாரை மட்டும் வியாபாரிகள் '3797' என்று எண் சொல்லியே கேட்கிறார்கள்.

50 கிலோ மூட்டையாக விற்கிற கடைக்காரரிடம் மூன்று கிலோ கேட்டேன். சிரித்தார். பிறகு, "சிந்தூரி எடுத்துப் போங்கள் சாகேப், ரொம்ப நாள் கெடாமல் இருக்கும்" என்றார். பொய் இல்லை. ஆனால் என்னிடம் அவர் கேட்காத கேள்வி, நானும் அவரிடம் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது: எத்தனை நாள் பயிர்?

சிந்தூரி நிதானக்காரி, 110, 120 நாள் கேட்பவள். நான் நட்டதோ நவம்பர் முதல் வாரம். ஜனவரியில் ஒரு வாரம் பனிமூட்டம் விலகவே இல்லை. இலை ஓரங்களில் தண்ணீர்பட்டதுபோலக் கரும்புள்ளிகள்; நான்காம் நாள் பாத்தி முழுக்கக் கருகி, அழுகல் நாற்றம். பின்பருவ இலைக்கருகல். 1845ல் அயர்லாந்தின் வயல்களில் இறங்கி, அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேரைப் பஞ்சத்துக்குப் பலி கொடுத்ததும் இதே நோய்தான். அங்கே ஏழைகள் பெரும்பாலும் 'லம்பர்' என்ற ஒரே ரகத்தை நம்பியிருந்தார்கள். கிழங்கிலிருந்து கிழங்காகப் பெருகும் பயிர் என்பதால் ஒரு ரகத்தின் செடிகள் அத்தனையும் அச்சு அசல் ஒன்றே. ஒன்றை வீழ்த்தும் நோய் எல்லாவற்றையும் வீழ்த்தும். என் 8 அடிப் பாத்தியிலும் நான் ஒரே ரகம்தான் போட்டிருந்தேன். அந்த வருடமும் அம்மா தித்திப்பு உருளையைத் தின்றுவிட்டு ஊர் திரும்பினார்.

அடுத்த அக்டோபரில் கொஞ்சம் புத்தி வந்திருந்தது. பாதி புக்ராஜ், பாதி சந்திரமுகி. இரண்டும் 80, 90 நாளில் முடிகிற ரகங்கள். கோழிமுட்டை அளவு விதைக்கிழங்கைப் பத்து நாள் மங்கிய வெளிச்சத்தில் பரப்பிவைத்தால் கட்டையான, உறுதியான முளை வரும். வரிசைக்கு வரிசை 2 அடி, கிழங்குக்குக் கிழங்கு 8 அங்குலம். செடி முக்கால் அடி உயர்ந்ததும் இருபுறமும் மண் அணைக்க வேண்டும். இது அழகுக்கு அல்ல. வெயில் பட்ட கிழங்கு பச்சை நிறமாகும். பச்சை நிறமான கிழங்கில் சோலனின் என்ற நச்சு சேர்ந்திருக்கும். வேகவைத்தாலும் போகாது. தூக்கி எறிவதுதான் வழி.

ஜனவரியில் பனிமூட்டம் மறுபடி வந்தது, கருகலும் வந்தது. ஆனால் அப்போது பயிருக்கு 80 நாள். தண்டுகளைத் தரையோடு அறுத்து அப்புறப்படுத்தினேன். இரண்டு வாரம் கிழங்கை மண்ணுக்குள்ளேயே விட்டால் தோல் கெட்டிப்படும். பிறகு தோண்டினேன். புக்ராஜில் 12 செடி வரிசை ஒன்றுக்கு ஏழு கிலோ; சந்திரமுகியில் நான்கு.

அம்மா இரண்டையும் தனித்தனியாக வறுக்கச் சொன்னார். புக்ராஜ் நீர்ச்சத்து மிகுந்த கிழங்கு. குழம்பில் கரையாமல் நிற்கும், வாணலியில் முறுகாது. "இது தண்ணிக் காய். சாம்பாருக்கு வெச்சுக்கோ" என்றார். சந்திரமுகியை மெல்லும்போது பேசவில்லை. கடைசியில் சொன்னார்: "உப்பு கொஞ்சம் கம்மி." எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய விருது கிடையாது.

ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பை விதைக்கிழங்கு கேட்டார். மறுத்தேன். ஊர் வெயிலில் விளையாது என்பது மட்டும் காரணமில்லை. கிழங்கோடு அதன் மண்ணும் நோயும் சேர்ந்தே பயணம் செய்கின்றன. 1961ல் நீலகிரி உருளையில் கண்டறியப்பட்ட நூற்புழுவால் அந்த மலையின் விதைக்கிழங்குக்குத் தடை வந்தது. அதைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா 1985ல்தான் கிடைத்தது. 2018ல் குஃப்ரியின் மண்ணிலேயே அந்தப் புழு இருப்பது தெரிந்து, அங்கிருந்தும் விதை வெளியேறுவது நிறுத்தப்பட்டது. என் தோட்டத்து விதையை நானே மூன்றாம் வருடம் நட்டுப் பார்த்ததில் விளைச்சல் பாதியானது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் நோய்கள் கிழங்குக்குள்ளேயே ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும். சான்று பெற்ற விதையைப் புதிதாக வாங்குவதுதான் சிக்கனம்.

நோய் வராத, நிறைய விளைகிற, அம்மாவுக்குப் பிடித்த ரகம் என்று ஒன்றை விதைக்கடைக்காரர் இன்னும் காட்டவில்லை. அதனால் மூன்று வரிசை புக்ராஜ், எங்களுக்கு. மூன்று வரிசை சந்திரமுகி, அம்மாவுக்கு. அவருக்கு இப்போது 82. விளைச்சல் குறைந்தாலும் பரவாயில்லை, அந்த மூன்று வரிசையை மாற்றுவதாக இல்லை.