கொட்டேஷனில் ஒரே ஒரு வரி!



இன்டீரியர் டிசைனர் என்றதும் நம் கண்முன் வருவது என்ன? வண்ணம், விளக்கு, சோபா, திரைச்சீலை... ஆனால் நாளைக்கு அந்த வேலைக்குப் போகும் நம்மில் பலர் முதலில் செய்யப்போவது படம் வரைவது இல்லை, கொட்டேஷன் டைப் அடிப்பதுதான்! அந்தத் தாளை ஒழுங்காக எழுதத் தெரியாதவர் எவ்வளவு அழகாக வரைந்தாலும் பாதி டிசைனர்தான் என்பது என் கட்சி.

எங்க அப்பா மரவேலை செய்பவர். எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா ஒரு பழைய கொட்டேஷனின் நகலைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். இங்கிலீஷில் இருந்ததால் வீட்டில் யாரும் படித்ததில்லை. நான்தான் படித்துச் சொன்னேன். "வார்ட்ரோப் 1, லம்ப்சம்" என்று ஒரே ஒரு வரி! வார்ட்ரோபுக்கு மேலே லாஃப்ட் அடித்த 14 நாள் கூலி அப்பாவுக்கு வரவே இல்லை. வீட்டுக்காரர், "லாஃப்டும் சேர்த்துத்தானே பேசினோம்" என்றாராம். டிசைனரோ, "ஓனர் தரலையே ஆசாரி, நான் எங்க போறது?" என்று கையை விரித்துவிட்டார். யாரைக் குறை சொல்வது? அந்த ஒரு வரியில் லாஃப்ட் உண்டு என்றும் இல்லை, கிடையாது என்றும் இல்லை.

7 அடி உயரம், 6 அடி அகலம் உள்ள வார்ட்ரோபை முன்பக்கம் மட்டும் அளந்தால் 42 சதுர அடி. உள்தட்டு, பக்கம், முதுகு என்று பலகைக் கணக்குப் போட்டால் அது எங்கேயோ போய் நிற்கும். எந்த அளவு என்று எழுதாமல் "சதுர அடிக்கு இவ்வளவு" என்றால் சண்டை வராமல் என்ன செய்யும்? பிளைவுட்டும் அப்படித்தான். சாதாரண உபயோகத்துக்கு ஐ.எஸ். 303, மெரைன் பிளைக்கு ஐ.எஸ். 710. மைக்கா ஒட்டியபின் இரண்டையும் வைத்துக் காட்டினால் எங்க அப்பாவே கொஞ்சம் யோசிப்பார். வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்?

திரைச்சீலையைப் பாருங்கள். 6 அடி அகல ஜன்னலுக்கு மடிப்பு அழகாக விழ இரண்டு மடங்கு, அதாவது 12 அடி அகலத்துக்குத் துணி வேண்டும். துணியின் அகலம் 4 அடி என்றால் மூன்று பீஸ். உயரம் 7 அடி, மடித்துத் தைக்க 1 அடி. ஆக மொத்தம் 24 அடி, சுமார் 7.3 மீட்டர். இதை எழுதாமல் "கர்ட்டன் 1 செட்" என்று முடித்தால் லைனிங், தையல் கூலி, ராடு எல்லாம் யார் கணக்கில்?

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், 1872ஆம் வருஷச் சட்டப்படி செல்லும். ஆனால் நிரூபிப்பது எப்படி? 1930ஆம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டமோ, விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரப்படியே இருக்க வேண்டும் என்கிறது. விவரமே எழுதாவிட்டால் சட்டம் எதைப் பிடித்துக்கொண்டு பேசும்? வரியும் அப்படியே. 18 சதவீதம் என்றால் ஒரு லட்சத்துக்கு 18,000 ரூபாய். "வரி தனி" என்று கடைசியில் எறும்பு எழுத்தில் போடுவது நியாயமா?

"இவ்வளவு விவரம் எழுதினால் கஸ்டமர் பக்கத்துக் கடையில் ரேட் விசாரிப்பாரே!" என்று சீனியர் ஒருவர் என்னிடம் கேட்டார். விசாரிக்கட்டுமே! நம் மூளைக்கு டிசைன் ஃபீஸ் என்று தனியாகக் கேட்டு வாங்குவோம். அதைச் சோபா விலைக்குள் ஒளித்து வைப்பதால்தான் இந்தப் பயமே.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பொருள், அளவு, தரம், எண்ணிக்கை, வரி, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பதெல்லாம் தமிழிலும் இருக்கட்டும். நடுவில் "இதையும் சேர்த்துப் பண்ணிடுங்க" என்று வந்தால் அரைத்தாளில் அளவும் தொகையும் எழுதி, வீட்டுக்காரர் கையெழுத்து வாங்கி, ஒரு காப்பி ஆசாரி கையில் கொடுக்க வேண்டும். டெலிவரி சலானில் எண்ணிப் பார்த்த பிறகே கையெழுத்து.

எஸ்டிமேட் போடும்போது செங்கல் கணக்கு விரல்நுனியில் வைத்திருக்கிறோம். ஃபைனல் இயர் ப்ராஜெக்டில் வரைபடத்தோடு இப்படி ஒரு கொட்டேஷனையும் சேர்க்கச் சொல்லி ஹெச்.ஓ.டி.யிடம் மனு கொடுக்க இருக்கிறோம். கையெழுத்துப் போட விரும்பும் நண்பர்கள் யூனியன் ரூமுக்கு வாங்க. மனு அங்கேதான் இருக்கிறது.